ராபர்ட்சனா, வெஸ்ட்புரூக்கா? இரண்டு காலத்து ஆட்டக்காரர்களை ஒப்பிடுவது எப்படி

கூடைப்பந்து பார்க்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோரும் ஒரு வாக்குவாதத்துக்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்தக் காலத்து ஆள் பெரியவரா, இந்தக் காலத்து ஆள் பெரியவரா? இதற்குப் பதில் சொல்ல ஒரு வழிமுறை இருக்கிறது, அது அவ்வளவு கடினமும் இல்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். அதைக் காட்ட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றிலிருந்து இரண்டு பாயிண்ட் கார்டுகளை எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவர் ஆஸ்கார் ராபர்ட்சன். 1961-62 சீசனில் சின்சினாட்டி ராயல்ஸ் அணிக்காக ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். இன்னொருவர் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். 2016-17 சீசனில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்காக அவர் எடுத்தது 31.6 புள்ளிகள், 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட்.

நடுவில் 55 ஆண்டுகள். எண்களோ அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

முதலில் சொற்களைத் தெரிந்துகொள்வோம். பாயிண்ட் கார்டு என்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணிப் பக்கம் கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுப்பவர். பெரும்பாலும் அணியிலேயே உயரம் குறைந்தவர். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது ரீபவுண்ட். இது பொதுவாகக் கூடைக்கு அடியில் நிற்கும் நெடிய ஆட்களின் வேலை. நீங்கள் கொடுத்த பந்தை வாங்கியவர் உடனே கூடையில் போட்டால் உங்கள் பெயரில் ஓர் அசிஸ்ட் ஏறும். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் ஆகிய மூன்றிலும் ஒரே ஆட்டத்தில் பத்தோ அதற்கு மேலோ எடுத்தால் அது டிரிபிள் டபுள். விதிப்படி பந்தைப் பறிப்பதையும் எதிராளி எறிவதைத் தடுப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்றாலும் நடைமுறையில் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

ஒரு பாயிண்ட் கார்டுக்கு ரீபவுண்டில் பத்தைத் தொடுவதுதான் பெரிய தடை. எப்போதோ ஓர் ஆட்டத்தில் தொடுவார்கள். சீசன் முழுவதற்குமான சராசரியே டிரிபிள் டபுளாக இருப்பது வேறு விஷயம். ராபர்ட்சனுக்குப் பிறகு 55 ஆண்டுகள் யாராலும் அது முடியவில்லை. அந்த ஒரு சீசனில் அவர் எடுத்த டிரிபிள் டபுள்கள் 41. வெஸ்ட்புரூக் எடுத்தவை 42.

இதில் ஒரு விஷயம் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும். டிரிபிள் டபுள் என்ற சொல்லே 1980-ஐ ஒட்டி, மேஜிக் ஜான்சன் ஆட வந்த பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. 1962-இல் ராபர்ட்சன் ஆடியபோது அப்படி ஒரு கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை. பிற்பாடு பழைய ஆட்டத்தாள்களைப் புரட்டி எண்ணித்தான் 41 என்றார்கள். வெஸ்ட்புரூக்குக்கோ ஒவ்வொரு ராத்திரியும் நாடே எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது ரீபவுண்ட் வந்ததும் அரங்கம் பத்தாவதற்குக் காத்திருக்கும். ஒருவர் எண்ணிக்கை தெரியாமலே தொட்ட இடத்தை இன்னொருவர் எண்ணிக்கை தெரிந்து, அதன் அழுத்தத்தோடு தொட்டார்.

ஆட்டத்தின் வேகம்

இரண்டு காலங்களை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு எத்தனை வாய்ப்புகள் கிடைத்தன என்பது.

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983 உலகக் கோப்பையில் ஓர் அணிக்கு 60 ஓவர். இப்போது 50. அன்று ஒருவர் 60 ஓவர் ஆட்டத்தில் எடுத்த ரன்னையும் இன்று ஒருவர் 50 ஓவரில் எடுக்கும் ரன்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பத்து ஓவர் வித்தியாசத்தை முதலில் கழித்துவிட்டுத்தானே பேசுவோம்? கூடைப்பந்தில் இந்த ஓவர் கணக்கு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிறது. அன்றும் 48 நிமிடம், இன்றும் 48 நிமிடம். ஆனால் அந்த 48 நிமிடத்துக்குள் பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஓர் அணியின் கைக்குப் பந்து வந்ததிலிருந்து அது எதிரணிக்குப் போகும் வரை ஒரு பொசஷன். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு எத்தனை பொசஷன் கிடைக்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் பேஸ் என்பார்கள். நாம் வேகம் என்று சொல்லலாம்.

1954-இல் 24 வினாடி விதி வந்தது. பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அதன் பிறகு வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் என்.பி.ஏ. ஆட்டம் ஓட்டப்பந்தயம் போல் ஆகிவிட்டது. பந்தைப் பிடி, ஓடு, எறி. 24 வினாடியில் பாதியைக்கூடப் பயன்படுத்தாமல் எறிவது சாதாரணம். 1961-62-இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 107.7 முறை கூடையை நோக்கி எறிந்தது. 2016-17-இல் அது 85.4. பொசஷனாகக் கணக்கிட்டால் அன்று ஏறத்தாழ 126, வெஸ்ட்புரூக் காலத்தில் 96. ஒரு ராத்திரிக்கு 30 வாய்ப்பு வித்தியாசம்.

அவசரமாக எறிந்தால் பந்து கூடையில் விழாது. 1961-62-இல் எறிந்த பந்துகளில் 42.6 சதவீதம்தான் விழுந்தன. 2016-17-இல் 45.7. எறிவது அதிகம், விழுவது குறைவு என்றால் திரும்பி வரும் பந்துகளும் அதிகம். அதனால்தான் அன்று ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 71 ரீபவுண்ட் கிடைத்தது. வெஸ்ட்புரூக் சீசனில் 43.5.

குளத்தில் மீன் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் யார் எத்தனை மீன் பிடித்தார்கள் என்று மட்டும் பேச முடியாது. ராபர்ட்சனின் குளம் நிறைந்திருந்தது. அதே 1961-62 சீசனில்தான் வில்ட் சேம்பர்லின் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகளும் 25.7 ரீபவுண்டும் எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் அவர் தனி ஆளாக 100 புள்ளி எடுத்ததும் அதே சீசனில்தான். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது ராபர்ட்சனுக்கும் போகவில்லை, சேம்பர்லினுக்கும் போகவில்லை. பாஸ்டனின் பில் ரஸ்ஸல் வாங்கினார். டிரிபிள் டபுள் சராசரி என்பதன் அருமை அன்று யார் கண்ணிலும் படவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சரி, இப்போது ராபர்ட்சனை 2017-க்கு அழைத்து வருவோம்.

முதலில் நிமிடங்கள். ராபர்ட்சன் ஓர் ஆட்டத்துக்கு 44.3 நிமிடம் ஆடினார். 48-இல் 44! கிட்டத்தட்ட உட்காரவே இல்லை. வெஸ்ட்புரூக் ஆடியது 34.6 நிமிடம். ராபர்ட்சனின் எண்களை 34.6 நிமிடத்துக்குச் சுருக்கினால் 24 புள்ளி, 9.8 ரீபவுண்ட், 8.9 அசிஸ்ட் வரும்.

அடுத்து வேகம். 126 வாய்ப்பை 96-ஆகக் குறைத்தால் புள்ளி 18 ஆகிறது, அசிஸ்ட் 7-க்குக் கொஞ்சம் குறைவு. ரீபவுண்டுக்கு 71-ஐ 43.5 ஆக்க வேண்டும். அப்போது 6.

ஆக 30.8, 12.5, 11.4 என்றிருந்தது 18, 6, 7 என்றாகிவிடுகிறது. நல்ல பாயிண்ட் கார்டின் எண்கள்தான். ஆனால் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் பலரும் பேனாவை வைத்துவிட்டு வெஸ்ட்புரூக்தான் பெரியவர் என்று முடித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெஸ்ட்புரூக்கை 1962-க்கு அனுப்பி, 44 நிமிடம் கொடுத்து, 126 வாய்ப்பும் கொடுத்தால் 53 புள்ளி, 22 ரீபவுண்ட், 17 அசிஸ்ட் என்று வருகிறது. அப்படி ஒரு மனிதரும் ஆட முடியாது. வெஸ்ட்புரூக் ஆடுகிற மாதிரி, ஒவ்வொரு முறையும் கூடையை நோக்கி முழு வேகத்தில் பாய்ந்து எழும்புகிறவர், ராத்திரிக்கு ராத்திரி 44 நிமிடம் தாங்க மாட்டார். தவிர, என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு வந்ததே 1979-80 சீசனில். அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து வெஸ்ட்புரூக் 2016-17-இல் 200 முறை கூடையில் போட்டார். 1962-இல் அவை ஒவ்வொன்றும் இரண்டு புள்ளிதான் பெறும்.

வேகக் கணக்கு எண்களுக்குப் பொது அளவுகோல் தருகிறது, அவ்வளவுதான். மனிதரைப் பெயர்த்து இன்னொரு காலத்தில் நட அதற்குச் சக்தி கிடையாது. 44 நிமிடம் களத்தில் நின்றதே ராபர்ட்சனின் திறமையில் ஒரு பகுதி. அதைச் சுருக்கி எறிந்துவிட்டு அவரை அளப்பதும் நியாயமில்லை.

அதனால் எண்ணிக்கையைவிடப் பங்கைக் கேட்பது நல்லது. தான் களத்தில் இருந்தபோது திரும்பி வந்த பந்துகளில் எவ்வளவு பங்கை இவர் பிடித்தார்? இதற்கு நிமிடமும் வேகமும் தாமாகவே ஒத்துப்போய்விடும். வெஸ்ட்புரூக்குக்கு 17 சதவீதம். அவர் காலத்தின் சராசரியை வைத்துப் பார்த்தால் ராபர்ட்சனுக்கு ஏறத்தாழ 9.5 சதவீதம். களத்தில் பத்துப் பேர் இருக்கும்போது ஒருவரின் சாதாரணப் பங்கு 10 சதவீதம். ராபர்ட்சன் ஒரு சாதாரண ஆட்டக்காரரின் பங்கை எடுத்தார். கார்டுக்கு அது மிக நல்லது. 191 செ.மீ. உயரமுள்ள வெஸ்ட்புரூக் ஏழடி ஆட்களின் பங்கை எடுத்தார்.

அது எப்படி முடிந்தது என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எதிரணி ஆள் ஃப்ரீ த்ரோ எறிகிறார், அதாவது எதிராளி செய்த தவறுக்காகக் கிடைத்த, யாரும் தடுக்காத எறிதல். தண்டர் அணியின் நெடிய ஆள் ஸ்டீவன் ஆடம்ஸ் கூடைக்கு அருகில் நிற்கிறார். பந்து விளிம்பில் பட்டுத் தெறித்ததும் ஆடம்ஸ் பந்தைப் பார்ப்பதில்லை. திரும்பி, தன் முதுகால் எதிராளியை நெட்டித் தள்ளி இடத்தைக் காலி செய்கிறார். கையைக்கூட உயர்த்துவதில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்த வெஸ்ட்புரூக் ஓடிவந்து அந்தக் காலி இடத்தில் பந்தைப் பிடிக்கிறார். ரீபவுண்ட் அவர் பெயரில் ஏறுகிறது.

எண்களைக் கூட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு என்று அன்று பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். அடுத்த இரண்டு வினாடியைப் பாருங்கள். வழக்கமாக நெடிய ஆள் பந்தைப் பிடித்து, பாயிண்ட் கார்டைத் தேடி, அவரிடம் கொடுத்து, அப்புறம்தான் ஓட்டம் தொடங்கும். இங்கே பிடித்தவரே பாயிண்ட் கார்டு. பிடித்த வேகத்தில் திரும்பி ஓடுகிறார். எதிரணி தன் பக்கம் ஓடிச் சேர்வதற்குள் அவர் நடுக்கோட்டைத் தாண்டியிருப்பார். அந்த சீசனில் வெஸ்ட்புரூக் டிரிபிள் டபுள் எடுத்த 42 ஆட்டங்களில் தண்டர் அணி 33-இல் ஜெயித்தது. வெறும் எண் விளையாட்டாக இருந்தால் இவ்வளவு வெற்றி வந்திருக்காது.

அசிஸ்ட் கணக்கில் காற்று கொஞ்சம் ராபர்ட்சன் பக்கம் வீசுகிறது. 1961-62-இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 46 முறை கூடையில் போட்டது, அதில் 24-க்குத்தான் அசிஸ்ட் எழுதப்பட்டது. நூற்றுக்கு 52. வெஸ்ட்புரூக் சீசனில் 39-க்கு 22.6, அதாவது நூற்றுக்கு 58. பந்து ஓடுகிற ஓட்டத்தில் ராபர்ட்சன் காலத்தில் எல்லாமே தாராளமாகக் கிடைத்தது, அசிஸ்ட் மட்டும் அந்த அளவுக்குத் தாராளமாகக் கிடைக்கவில்லை. அவருடைய 11.4-ஐ வேகத்தை மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஒரே எண், இரண்டு அர்த்தம்

இனி வருவதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

புள்ளி எடுப்பதில் ஒருவர் எவ்வளவு சிக்கனமானவர் என்று அளக்க ட்ரூ ஷூட்டிங் என்று ஓர் அளவு இருக்கிறது. சாதாரண எறிதல், மூன்று புள்ளி எறிதல், ஃப்ரீ த்ரோ எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒருவர் செய்த முயற்சிகளுக்கு எத்தனை புள்ளி வந்தது என்று சொல்லும். மொத்தப் புள்ளியை முயற்சிகளின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் ஒன்றை 0.44 முயற்சி என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

ராபர்ட்சன் 1961-62-இல் எடுத்தவை 2,432 புள்ளிகள். எறிந்தது 1,810 முறை, ஃப்ரீ த்ரோ 872. கணக்குப் போட்டால் 55.4 சதவீதம். வெஸ்ட்புரூக் 2016-17-இல் 2,558 புள்ளிகள், 1,941 முறை எறிந்தார், ஃப்ரீ த்ரோ 840. அதுவும் 55.4 சதவீதம்!

தாளில் போட்டுப் பாருங்கள், ஒன்றுபோல வரும். இரண்டு பேருமே 100 முயற்சிக்குச் சுமார் 111 புள்ளி எடுத்தார்கள்.

இப்போது இந்த 111-ஐ அவரவர் காலத்துக்குள் வையுங்கள். வெஸ்ட்புரூக் காலத்தில் என்.பி.ஏ.வின் சராசரி ஆட்டக்காரர் 100 முயற்சிக்கு 110 புள்ளி எடுத்தார். வெஸ்ட்புரூக் சராசரிக்கு ஒரு மயிரிழை மேலே. ராபர்ட்சன் காலத்தில் சராசரி 100 முயற்சிக்கு 96 புள்ளிதான். ராபர்ட்சன் அதைவிட 15 புள்ளி அதிகம் எடுத்தார். மற்றவர்கள் 100 எறிதலில் 43-ஐக்கூடப் போடாத சீசனில் அவர் 48-ஐப் போட்டார். மூன்று புள்ளிக் கோடு இல்லாமல், அதன் உதவி இல்லாமல், வெஸ்ட்புரூக் காலத்துத் தரத்துக்கே நடுத்தரமாக வரக்கூடிய சிக்கனத்தை அவர் 1962-லேயே எட்டியிருந்தார்.

அவர் ஆடிய விதத்தைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று புரியும். ராபர்ட்சன் 196 செ.மீ. உயரம், அதற்கேற்ற உடம்பு. அன்றைய கார்டுகளில் அவரைவிடப் பெரியவர்கள் குறைவு. எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தைத் தட்டுவார். ஓர் அடி பின்னால் நகர்வார். இன்னோர் அடி. எதிராளி தள்ளிப் பார்ப்பார், முடியாது. கூடையிலிருந்து பன்னிரண்டு அடியில் எறிய இடம் கொடுத்தால் பத்தடிக்குப் போவார், பத்தடியில் கொடுத்தால் எட்டடிக்குப் போவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தனக்குப் பிடித்த இடம் வந்ததும் திரும்பி, ஒரு கையால், தலைக்கு மேலே உயர்த்தி எறிவார். அதில் ஆர்ப்பாட்டமே இருக்காது. அவசரமாக எறிகிற காலத்தில் அவசரப்படாத ஒருவர்.

வெஸ்ட்புரூக் இதற்கு நேர் எதிர். அவருடைய ஆட்டமே வேகமும் பாய்ச்சலும். அவருக்கு நியாயமாக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் சுமந்தது மிகப் பெரிய சுமை. ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது அணியின் எத்தனை வாய்ப்புகள் அவர் கையிலேயே முடிகின்றன என்பதற்கும் ஓர் அளவு உண்டு. அதை யூசேஜ் என்பார்கள். ஐந்து பேரும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 20 சதவீதம். அந்த சீசனில் வெஸ்ட்புரூக்குக்கு 41.7. இந்தக் கணக்கு எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை எந்த சீசனிலும் யாருக்கும் அவ்வளவு இருந்ததில்லை. சுமை கூடினால் சிக்கனம் குறையும். களைத்த காலோடு, இரண்டு மூன்று பேர் சூழ்ந்த நிலையில் எறிய வேண்டியிருக்கும். அதில் சராசரிக்குக் கீழே போகாமல் இருந்ததே பெரிது. பந்தைத் தவறவிட்டதும் ஆட்டத்துக்கு 5.4 முறை. ராபர்ட்சன் எத்தனை முறை தவறவிட்டார் என்று பார்க்க வழியில்லை, ஏனென்றால் என்.பி.ஏ. அந்தக் கணக்கை ஆளுக்கு ஆள் குறித்துவைக்கத் தொடங்கியது 1977-78-இல்தான். ராபர்ட்சனுடைய சுமையைப் பகிர அவரோடு ஜாக் ட்வைமன், வெய்ன் எம்ப்ரி போன்ற நல்ல ஆட்டக்காரர்களும் இருந்தார்கள்.

அணியாக எவ்வளவு தூரம் போனார்கள் என்று பார்த்தால் அதிலும் இருவரும் ஒன்றுதான். ராயல்ஸ் 43 வெற்றி, 37 தோல்வி. சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே டெட்ராய்ட்டிடம் தோற்று வெளியேறியது. தண்டர் 47 வெற்றி, 35 தோல்வி. முதல் சுற்றில் ஹூஸ்டனிடம் தோற்றது. டிரிபிள் டபுள் சராசரி இரண்டு பேரையும் கோப்பைக்குக் கொண்டுபோகவில்லை. ராபர்ட்சன் பின்னர் மில்வாக்கி பக்ஸ் அணிக்குப் போய், பிறகு கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ ஆல்சிண்டரோடு சேர்ந்து 1971-இல் கோப்பை வாங்கினார். அப்போது அவர் ஆட்டத்துக்கு 20 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

எண்களில் வராதவை

காலம் என்றால் விதிகளும் வேகமும் மட்டுமே கிடையாது. மனிதர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதும் சேர்ந்ததுதான் காலம்.

ராபர்ட்சன் இண்டியானாபொலிஸ் நகரத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியில் படித்தார். 1955-இல் அந்தப் பள்ளி இண்டியானா மாநிலக் கோப்பையை வென்றது. வென்ற அணியை நகரத்தின் நடுவே ஊர்வலமாக அழைத்துப் போய்க் கொண்டாடுவது வழக்கம். இவர்கள் ஊர்வலத்தை நகர மையத்தில் நிற்கவிடாமல் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த பூங்காவுக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு சின்சினாட்டி பல்கலைக்கழக அணியோடு ஹூஸ்டன் போனபோது, அணியினர் தங்கிய ஹோட்டலில் அவருக்கு இடம் தரப்படவில்லை. கறுப்பின மாணவர்கள் படித்த ஒரு பல்கலைக்கழகத்தின் விடுதியில் தங்கினார். இந்த மனிதர்தான் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்று கொடுத்த அணியில் ஆடினார். 1961-62-இல் என்.பி.ஏ.வில் மொத்தமே ஒன்பது அணிகள். நூறு பேருக்குச் சற்று மேல்தான் வேலை. 2017-இல் 30 அணிகள், உலகம் முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்கள். எந்தக் காலத்தில் போட்டி கடுமை என்று இதை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் இந்த இருவரையும் ஒரே கயிற்றில் கட்டும் ஒரு சங்கதி இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ராபர்ட்சன் 1965 முதல் 1974 வரை ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைவர். அன்று ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிந்தாலும் தன் இஷ்டத்துக்கு வேறு அணிக்குப் போக முடியாது. அணி முதலாளியின் பிடி அப்படி. 1970-இல் சங்கம் என்.பி.ஏ. மீது வழக்குப் போட்டது. வழக்கின் பெயரே ராபர்ட்சன் வழக்கு. 1976-இல் சமரசம் ஆனது. அதில் பிடி தளரத் தொடங்கியது. 1988-இல் ஒப்பந்தம் முடிந்த மூத்த ஆட்டக்காரர்களுக்கு முழுச் சுதந்திரமும் வந்தது.

அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தித்தான் 2016 ஜூலையில் கெவின் டுராண்ட் தண்டர் அணியை விட்டு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்குப் போனார். எட்டு ஆண்டுகள் வெஸ்ட்புரூக்கின் தோளோடு தோள் நின்று ஆடியவர் அவர். அவர் போனதால்தான் மொத்தப் பாரமும் வெஸ்ட்புரூக் மேல் விழுந்தது. அந்த 41.7 சதவீதம் வந்தது அப்படித்தான். ராபர்ட்சன் நீதிமன்றத்தில் திறந்த கதவு வழியாக டுராண்ட் வெளியே போக, உள்ளே தனியாக நின்ற வெஸ்ட்புரூக் ராபர்ட்சனின் சாதனையைத் தாண்டினார்.

தாண்டிய அந்த ராத்திரியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2017 ஏப்ரல் 9, டென்வர் நகரம். சீசனில் 42-ஆவது டிரிபிள் டபுளுக்கு இன்னும் ஒரே ஓர் அசிஸ்ட் பாக்கி. கடைசிக் கால்பகுதியில், மூலையில் நின்ற சக ஆட்டக்காரருக்கு வெஸ்ட்புரூக் பந்தை வீச, அவர் மூன்று புள்ளி போட்டார். பத்தாவது அசிஸ்ட். எதிரணி ரசிகர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்போதும் தண்டர் பின்தங்கித்தான் இருந்தது. கடைசி வினாடிகளில் இரண்டு புள்ளி பின்னால். வெஸ்ட்புரூக் கூடையிலிருந்து 36 அடி தள்ளி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெகு வெளியே, பந்தை எறிந்தார். மணி அடித்தது. பந்து விழுந்தது. 106-105. அவர் கணக்கில் 50 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். டென்வரின் பிளே ஆஃப் வாய்ப்பும் அந்த ஒரே எறிதலில் முடிந்தது. மூன்று நாள் கழித்து ஓக்லஹோமா சிட்டியில் சீசனின் கடைசி ஆட்டம். 78 வயது ராபர்ட்சன் அங்கே வந்து, ரசிகர்கள் முன்னால் வெஸ்ட்புரூக்கை மனமாரப் பாராட்டினார். சிறந்த ஆட்டக்காரர் விருதும் அந்த ஆண்டு வெஸ்ட்புரூக்குக்கே கிடைத்தது.

அப்படியானால் யார் பெரியவர்? என் பதிலைச் சொல்கிறேன். கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்த ஒரு சீசன் சாதனையில் எது கடினமானது என்று கேட்டால் வெஸ்ட்புரூக்குடையது. ரீபவுண்ட் பங்கும் சுமந்த பாரமும் அதைத் தெளிவாகக் காட்டுகின்றன. தன் காலத்து ஆட்டத்தை யார் இன்னும் நன்றாக ஆடினார் என்று கேட்டால் ராபர்ட்சன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சராசரிக்கு மேலே 15 புள்ளி என்பது மிகப் பெரிய இடைவெளி. அதை அவர் ஒரு சீசனில் மட்டும் காட்டவில்லை. முதல் ஐந்து சீசன்களையும் மொத்தமாகக் கூட்டிச் சராசரி எடுத்தாலும் 30.3 புள்ளி, 10.4 ரீபவுண்ட், 10.6 அசிஸ்ட் வருகிறது. வெஸ்ட்புரூக்கும் ஓர் ஆண்டோடு நின்றுவிடவில்லை. இன்னும் மூன்று சீசன்களில் டிரிபிள் டபுள் சராசரி எடுத்தார். 2021 மே மாதம் தன் 182-ஆவது டிரிபிள் டபுளை எடுத்து, ராபர்ட்சனின் வாழ்நாள் கணக்கான 181-ஐயும் தாண்டினார்.

நீங்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பழக ஆசைப்பட்டால் இன்னோர் ஆள் தயாராக இருக்கிறார். 2024-25 சீசனில் டென்வர் நக்கெட்ஸ் அணியின் நிகோலா யோகிச் 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட் எடுத்தார். ஆடியது ஆட்டத்துக்கு 36.7 நிமிடம், எறிந்ததில் 57.6 சதவீதம் கூடையில் விழுந்தது. அவர் பாயிண்ட் கார்டே கிடையாது, கூடைக்கு அடியில் நிற்கும் நெடிய ஆள். அவருக்கு எட்டக் கடினமான எண் ரீபவுண்ட் ஆகாது, அசிஸ்ட்தான். எந்தத் தடை யாருக்குப் பெரிது என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த சீசனில் யோகிச் கொடுத்த பந்தை வாங்கிக் கூடையில் போட்டவர்களில் ஒருவர், அப்போது டென்வர் அணிக்கு வந்திருந்த ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்.